மேலக்காவின் கடுப்பு

"கடுப்பா இருக்கு" என்று ஒரு பெண் சொல்லிவிட்டால், கேட்கிறவர்கள் முதலில் செய்கிற காரியம் இரண்டடி தள்ளி நிற்பது. யார் மேல் கடுப்பு, நம் மேலா, நேற்று என்ன பேசினோம் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பார்கள். உடம்பில் எங்கேயாவது கடுக்கிறதோ என்று கேட்க ஒருவருக்கும் தோன்றாது. மேலக்கா பட்ட பாடெல்லாம் இந்த ஒரு சொல்லால் வந்ததுதான். கிருமி பாதி காரணம் என்றால் மீதி இது.

மேலக்கா என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. கட்டட வேலை நடக்கிற இடத்தில் டவர் கிரேன் ஓட்டுகிறவள் அவள். காலையில் ஏணியில் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்கு இறங்குவாள், மறுபடி ஏறினால் சாயங்காலம்தான். கீழே இருக்கிறவர்களுக்கு அவள் முகம் தெரியாது, வாக்கி டாக்கியில் வரும் குரல்தான் தெரியும். "மேல இருக்கிற அக்கா" என்று ஆரம்பித்தது, தேய்ந்து தேய்ந்து மேலக்கா ஆகிவிட்டது. அவளைவிட வயதில் மூத்த சிக்னல்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார். கொக்கி எங்கே இறங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று கீழே நின்று கை காட்டுகிறவர் அவர். அவருடைய கையும் அவளுடைய கையும் ஒன்றாக ஓடினால்தான் அங்கே ஒரு கம்பிக் கட்டாவது நகரும்.

அவளுக்கு முன்னால் அந்தச் சீட்டில் இருந்த ஆள் காலடியில் ஒரு காலி பாட்டில் வைத்திருந்தார். எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள் அது உருண்டு கதவிடுக்கில் கவிழ்ந்தது. கீழே நின்ற கம்பி கட்டுகிறவர், வெயிலடிக்கும்போது மழை வருகிறதே என்று ஆச்சரியப்பட்டு அண்ணாந்து பார்த்தாராம். அந்தக் கதையை இன்றைக்கும் அவர் எதிரில் சொல்ல முடியாது, அடிக்க வருவார்.

பாட்டில் வழி பெண்ணுக்குச் சரிப்படாது. அதனால் வேலைக்கு எடுக்கும்போதே எஞ்சினியர் சுற்றி வளைத்துக் கேட்டார், "நடுநடுவுல இறங்கணும்னு வந்தா என்ன பண்ணுவீங்க?" இவள் யோசிக்காமல், "சாப்பாட்டுக்கு மட்டும்தான் சார் இறங்குவேன். ஏறினா ஏறினதுதான்" என்றாள். வேலை கிடைத்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவள் கண்டுபிடித்த வழி தண்ணீரை நிறுத்துவது. காலையில் அரை டம்ளர் டீ, அப்புறம் சாயங்காலம் வரை உதட்டை நனைக்கிற அளவுக்கு ஏதோ கொஞ்சம். கண்ணாடிக் கூண்டுக்குள் வெயில் வாட்டி எடுக்கும். வாக்கி டாக்கியில் பேசினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை அவள் பெரிய வைராக்கியமாக நினைத்திருந்தாள். முட்டாள்தனத்துக்கு வைராக்கியம் என்று பெயர் வைத்துக்கொள்வதில் நம்மை மிஞ்ச ஆளே கிடையாது.

உடம்பு கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தது. அப்புறம் காட்டிவிட்டது. ஒரு நாள் காலையில் போகவேண்டும் போலிருந்தது, போனாள். நாலு சொட்டு. அந்த நாலு சொட்டும் மிளகாய்த்தூளைக் கரைத்து ஊற்றினாற்போல் எரிந்தது. எழுந்து வந்தால் மறுபடி முட்டியது. மறுபடி நாலு சொட்டு. அடிவயிற்றை யாரோ கயிறு போட்டு இழுக்கிற மாதிரி இருந்தது. நிறம் டிகாஷன் போல, நாற்றம் வேறு. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

வெளியே வந்தபோது நாத்தனார் தலை சீவிக்கொண்டிருந்தாள். மேலக்காவின் வீட்டுக்காரர் தூரத்துக்கு லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருக்கிற நாளைவிட இல்லாத நாள்தான் அதிகம். வீட்டில் இந்த இரண்டு பெண்களும்தான். நாத்தனாருக்கு ஒரு கம்பெனியில் போனில் புகார் கேட்கிற வேலை. வாஷிங் மெஷின் ஓடவில்லை, ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று நாள் முழுக்க யாராவது அவளைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள்.

"என்ன அண்ணி, மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. கடுப்பா இருக்கு."

"காலங்காத்தாலயேவா? யார் மேல?"

"யார் மேலயும் இல்ல. சும்மா, கடுப்பு." அதற்கு மேல் விளக்கிச் சொல்ல மேலக்காவுக்குக் கூச்சம்.

நாத்தனார் சீப்பைக் கீழே வைத்தாள். கடுப்பில் இருக்கிறவர்கள் "யார் மேலயும் இல்ல" என்று சொன்னால் அது எதிரே இருக்கிறவர் மேல்தான் என்பது அவளுடைய தொழில் அனுபவம். முந்தின நாள் அண்ணியின் துண்டை எடுத்துத் துடைத்தது ஞாபகம் வந்தது. "துண்டுதானே? வேற வாங்கித் தரேன், போதுமா?" என்று சொல்லிவிட்டு விருட்டென்று கிளம்பிப் போய்விட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. மேலக்காவுக்கு எந்தத் துண்டு என்றே விளங்கவில்லை.

வேலை இடத்தில் நடந்தது இதைவிட மோசம். கொக்கியில் பலகைக் கட்டு ஏறிக்கொண்டிருந்தது. இவளுக்குத் தாங்க முடியவில்லை. பலகையை இறக்கி வைத்துவிட்டு வாக்கி டாக்கியை எடுத்தாள். "சார், கொஞ்சம் கடுப்பா இருக்கு. இறங்கிட்டு வந்திடறேன்" என்றாள்.

எஞ்சினியருக்கு இளவயது. ஆள் கெட்டவரில்லை, ஆனால் மேலதிகாரிகள் தலையில் உட்கார்ந்து குடைகிற மனிதருக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? "எனக்குந்தான் கடுப்பா இருக்கு. சிமெண்ட் வரல, ஆள் வரல. கடுப்புன்னு ஆளாளுக்கு இறங்கிட்டா பில்டிங்க யார் கட்றது?" என்றார்.

அந்த சேனலில் எல்லோரும் இருப்பார்கள். யாரோ சிரித்தார்கள். இன்னொருவர், "எனக்கும் கடுப்பு, நான் வீட்டுக்குப் போறேன்" என்றார். மேலக்கா வாக்கி டாக்கியைத் தொடையில் வைத்துக்கொண்டு, காலைக் காலோடு இறுக்கிக்கொண்டு, அடுத்த கட்டைத் தூக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அழுகையா வலியா என்று அவளுக்கே தெரியாது, இரண்டும் கலந்துதான் வந்திருக்கும். அதற்குப் பிறகு கீழே ஒரு வாரம் அதுவே விளையாட்டாகிவிட்டது. யாராவது வேலையை விட்டு எழுந்தால், "என்னப்பா, கடுப்பா?" என்பார்கள்.

வைத்தியமும் நடந்தது, அவளே பார்த்துக்கொண்ட வைத்தியம். உடம்பு சூடு என்று முடிவு கட்டினாள். நம்மிடம் எது எரிந்தாலும் சூடுதான். வெள்ளரிக்காய் தின்றாள், ஈரத்துணியை வயிற்றில் போட்டுக்கொண்டு படுத்தாள். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் மாடு மாதிரித் தண்ணீர் குடித்தாள், வேலைக்குப் போகும் காலையில் மட்டும் பழையபடி அரை டம்ளர். குறையவில்லை. கடைசியில் மருந்துக் கடைக்குப் போய், கூட்டம் விலகும் வரை சோப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்று, கடைக்காரரிடம் குரலைத் தாழ்த்தி, "நீர்க்கடுப்புக்கு ஏதாவது குடுங்க" என்றாள். அவர் டாக்டர் சீட்டு கேட்கவில்லை, இவள் காட்டவும் இல்லை. ஒரு அட்டை கொடுத்தார். இரண்டு நாள் சாப்பிட்டதும் நின்றுவிட்டது, என்ன மாயமோ! சரியானபிறகு மருந்து எதற்கு என்று மிச்ச அட்டையை அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் பத்திரப்படுத்தினாள். அடுத்த தடவைக்கு ஆகுமாம்.

அடுத்த தடவை சீக்கிரமே வந்தது. இந்த முறை குளிர் காய்ச்சலோடு வந்தது. வெயில் கொளுத்தும் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தபோதே பல் கிடுகிடுத்தது. முதுகின் ஒரு பக்கம், விலாவுக்குக் கீழே, குத்திக் குடைந்தது. குமட்டிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு நேரம் வரை எப்படி ஓட்டினாள் என்பது அவளுக்கே ஞாபகமில்லை. ஏணியில் இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் கையால் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கீழே நின்ற சிக்னல்காரர் அவள் முகத்தைப் பார்த்ததும், "மேலக்கா, இன்னிக்கு ஏறாதீங்க. ஏறினா நான் கை காட்ட மாட்டேன்" என்று சொல்லி ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார்.

சாயங்காலம் நாத்தனார் வந்து பார்த்தபோது அண்ணி இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். பேச்சு இல்லாத விரதமெல்லாம் அதோடு முடிந்தது.

"அண்ணி, என்ன பண்ணுது?"

"கடுப்பு."

"இந்த நிலைமையிலயும் என் மேல கடுப்பா?"

மேலக்காவுக்கு அந்த நடுக்கத்திலும் சிரிப்பு வந்தது. சிரித்தால் முதுகு வலித்தது. "அடியே, உன் மேல இல்லடி. ஒண்ணுக்குப் போனா கடுக்குது. ரொம்ப நாளா."

நாத்தனார் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "அன்னிக்கு சொன்னது இதையா? நான் துண்டுன்னு நினைச்சு... அறிவிருக்கா அண்ணி உங்களுக்கு? எனக்குத்தான் அறிவில்லன்னா, உங்களுக்குமா இல்ல?" என்று திட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே செருப்பைத் தேடினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதுகில் கை வைத்துத் தட்டியதும் மேலக்கா துள்ளிவிட்டாள். டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டு, "எரிச்சல் இருக்கா?" என்றார்.

"இல்லீங்க. நான் யார் மேலயும் எரிச்சல் படற ஆளு இல்லீங்க."

"அண்ணி, அவங்க அதைக் கேக்கல" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். இந்தச் சொல் விஷயத்தில் இப்போது அவள் தேறிவிட்டாள். "போகும்போது எரியுது டாக்டர். அடிக்கடி வருது, கொஞ்சந்தான் போகுது. குளிர் காய்ச்சல். முதுகு வலி. மருந்துக் கடையில வாங்கிப் பாதி மாத்திரை சாப்பிட்டு நிறுத்தியிருக்காங்க. நாள் முழுக்கத் தண்ணி குடிக்கறதில்ல, வந்தாலும் அடக்கறாங்க." புகார் எழுதிப் பழகினவள், ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. வர வேண்டிய கோபம்தான். "பாதி மாத்திரை சாப்பிட்டா கிருமியில இருக்கற சோப்ளாங்கிதான் சாகும். பொழச்சுக் கிடக்கறதெல்லாம் கெட்டிக்காரக் கிருமி. அதுக்கு அப்புறம் அதே மாத்திரை கேக்காமப் போகலாம்" என்றார். பிறகு மேலக்காவின் பக்கம் திரும்பி நிதானமாகவே சொன்னார். "இது சூடு இல்லம்மா, கிருமி. பொம்பளைங்களுக்கு மூத்திரக் குழாய் கட்டை. வெளியில இருக்கற கிருமி சுலபமாப் பைக்குள்ள போயிடும். தண்ணி குடிச்சு அப்பப்பப் போனா அது அடிச்சிக்கிட்டு வெளிய வந்துடும். நீங்க குடிக்கவும் இல்ல, விடவும் இல்ல. தேங்கின இடத்துல அது குடும்பம் நடத்திடுச்சு. இப்போ கிட்னி வரைக்கும் போயிருக்கு. அதுவும் உங்கள மாதிரி மேல ஏறிடுச்சு."

"வேற எதனாலயும் இப்படி வருமா டாக்டர்?" என்று நாத்தனார் கேட்டாள்.

"ஏன் வராது? கல் இருந்தா வரும். சர்க்கரை இருந்தா திரும்பத் திரும்ப வரும். வயசான ஆம்பளைங்களுக்குச் சுரப்பி வீங்கி வழிய அடைச்சிக்கும். ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டற நோயிலயும் எரியும். அங்க வாசனை சோப்பு போட்டாக்கூட சில பேருக்கு எரியும். மூஞ்சியப் பாத்து நான் மாத்திரை தர முடியாது. டெஸ்ட் பண்ணித்தான் ஆகணும்."

சுத்தமான டப்பா கொடுத்தார்கள். கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னாள். நாலு சொட்டில் முதல் எது, நடு எது என்று மேலக்கா கேட்டதற்கு நர்ஸ் சிரித்துவிட்டு ஒரு ஜக்குத் தண்ணீரை நீட்டினாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். கல் இல்லை, சர்க்கரை இல்லை, அவளுடைய வாய்ச்சொல்லும் பிடிவாதமும்தான் நோய். கட்டிலில் போட்டு ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். எந்தக் கிருமி, எதற்குக் கட்டுப்படும் என்று டெஸ்டில் தெரிந்ததும் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். இந்த முறை ஒன்று விடாமல் சாப்பிட்டாள். நாத்தனார் எதிரே உட்கார்ந்து, விழுங்கிவிட்டாளா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் இருந்த அட்டையும் குப்பைக்குப் போனது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "மருந்து என் வேலை, முடிஞ்சுது. தண்ணி குடிக்கறதும் அடக்காமப் போறதும் உங்க வேலை. கிட்னி விளையாட்டு இல்ல. இன்னொரு தடவை இப்படி வந்தீங்கன்னா நான் சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது. கீழ ஏதாவது வேலை தரச் சொல்லி எழுதித் தரட்டுமா?"

மேலக்கா அந்தப் பேனாவையே பார்த்தாள். அந்தச் சீட்டுக்கு அவள் சும்மா வரவில்லை. பயிற்சியில் கூட இருந்த ஆண்கள் எல்லாம் இவளுக்குக் கை நடுங்கும், தலை சுற்றும் என்று காத்திருந்தார்கள். கொக்கியில் முட்டைக்கூடையைத் தொங்கவிட்டு ஒன்று உடையாமல் இறக்கிக் காட்டியவள் அவள். அந்த உயரத்தில், அந்தக் காற்றில், கை அசைத்தால் இரும்பு நகர்கிற அந்த இடத்தில் அவளுக்கு இருந்த சந்தோஷம் வேறு எங்கேயும் இருந்ததில்லை. அதையும் விட முடியாது, கிட்னியையும் விட முடியாது.

"வேண்டாங்க" என்றாள். "கீழ இறங்கறதுக்கு எழுதித் தரீங்க. இறங்கிட்டு மறுபடி ஏறறதுக்கு எழுதித் தர முடியுமா?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். "அதை நீங்கதான் சொல்லணும்" என்றார்.

வேலைக்குத் திரும்பிய அன்றைக்கே சொல்லிவிடுவது என்றுதான் எஞ்சினியரின் தகர அறைக்குப் போனாள். அவர் அன்பாகத்தான் விசாரித்தார். அன்பின் முடிவில், "ஸ்டோர்ல ஒரு இடம் இருக்கு. ஃபேனுக்கு அடியில உக்காந்து சாமான் எண்ணிக் கொடுத்தா போதும். முடியலன்னா எழுந்து போகலாம்" என்றார்.

"நான் மேலதான் சார் போவேன். ஆனா சாப்பாட்டுக்கு முன்னால ஒரு தடவை, பின்னால ஒரு தடவை இறங்கி ஏறுவேன்."

"எதுக்கு?"

மேலக்கா வாயைத் திறந்தாள். அறையில் இன்னும் இரண்டு பேர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்றார்கள். "உடம்புக்கு" என்று மட்டும்தான் வந்தது. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"பாக்கலாம்" என்றார் எஞ்சினியர். ஆபீசில் "பாக்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று பாலர் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

தளம் போடுகிற நாள் வந்தது. தளம் போடும் நாளில் யாராயிருந்தாலும் மூச்சுவிடக்கூட நேரம் பார்க்க வேண்டும். கான்கிரீட் லாரி ஒன்றன்பின் ஒன்றாக வரும். பக்கெட்டை நிரப்புவார்கள், மேலக்கா தூக்கித் தளத்துக்கு மேல் கொண்டுபோவாள், சிக்னல்காரர் கை காட்டுவார், கொட்டும், பரப்புவார்கள், பக்கெட் திரும்பும். அன்றைக்குக் காலையில் மேலக்கா ஏணியில் கால் வைப்பதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீரை நின்று நிதானமாகக் குடித்தாள். கூண்டுக்கு ஒரு பெரிய பாட்டில் நிறையக் கொண்டுபோனாள். அதையும் பயப்படாமல் குடித்தாள். பாதியில் கை தானாக மூடியைத் தேடியது, பழக்க தோஷம். ஆனால் முடிவெடுத்துவிட்டாள். வரட்டும். வந்தால் இறங்குவேன். வேலை போனால் போகட்டும், அடக்குவதாக இல்லை.

வெயில் ஏறியபோது வந்தது. அப்போது நின்றிருந்த லாரி காலியாகும் வரை பொறுத்தாள். கடைசி பக்கெட்டைக் கொட்டி, காலி பக்கெட்டைத் தரையில் உட்கார வைத்து, கொக்கியைக் கழற்றச் சொல்லி, எல்லாவற்றையும் பூட்டிவிட்டு வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"சார், இறங்கறேன்."

"இன்னிக்கா? தளம் ஓடிட்டிருக்கு! என்ன, மறுபடியும் கடுப்பா?"

சேனலில் அதே சிரிப்பு வந்தது.

மேலக்கா ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டாள். "எனக்கு வந்தது கடுப்புதான் சார். கோவம் இல்ல, நீர்க்கடுப்பு. அன்னிக்கு அதைத்தான் சொன்னேன். மூத்திரத்த அடக்கி அடக்கிக் கிருமி வந்து, அது கிட்னி வரைக்கும் ஏறி, ஆஸ்பத்திரியில கிடந்துட்டு வந்திருக்கேன். அந்த எரிச்சல அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். இனிமே அடக்க மாட்டேன். இப்ப எனக்கு மூத்திரம் வருது. பக்கெட்டு தரையில இருக்கு, கொக்கி காலி. அடுத்த லாரி இன்னும் ரோட்டு முனையிலயே வரல, எனக்கு இங்கிருந்து தெரியுது. இறங்குவேன், போய்ட்டு வந்து ஏறுவேன். நாளைக்கும் இறங்குவேன், நாளைக்கும் ஏறுவேன். சாப்பாட்டுக்கு மட்டும்தான் இறங்குவேன்னு நான்தான் சொன்னேன், தப்பாச் சொல்லிட்டேன். இது சரிப்படாது, வேற ஆள உக்கார வைக்கிறேன்னா வைங்க. அந்த ஆளுக்கும் மூத்திரம் வரும் சார்."

 அத்தனை பேர் காதிலும் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டோமே என்று அவளுக்கு ஒரு நொடி காது சுட்டது. ஒரு நொடிதான். வாக்கி டாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் காலை வைத்தாள்.

பாதி ஏணியில் மூச்சு வாங்க நின்றபோது கம்பிகளுக்கு இடையே கீழே பார்த்தாள். என்னவோ நடந்துகொண்டிருந்தது. தளத்தில் மண்வெட்டி வைத்திருந்தவர்கள் அதைப் போட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். கம்பி கட்டுகிறவர்கள், லாரியடியில் நின்றவர்கள், எல்லோரும் ஒரே திசையில் வேகமாக நடந்தார்கள். வேலையை நிறுத்திவிட்டார்களா, சண்டையா, தன்னால் ஏதும் வம்பா என்று அவளுக்குத் திக்கென்றது. இன்னும் இறங்கியதும்தான் தெரிந்தது, அவர்கள் ஆண்கள் கழிப்பறை வாசலில் வரிசை கட்டுகிறார்கள்.

ஏணியடியில் சிக்னல்காரர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தார். "நீங்க காலத் தரையில வைக்கற வரைக்கும் நான் இங்க நிக்கணும். வச்சுட்டீங்களா? வச்சுட்டீங்கல்ல? நான் வரேன்" என்று ஓடினார்.

எஞ்சினியர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். வரிசையைப் பார்த்து நின்றுவிட்டார். "நீங்கள்லாம் எங்க போறீங்க?"

மழை பெய்ததாக நினைத்தாரே, அந்தக் கம்பி கட்டுகிறவர்தான் பதில் சொன்னார். "கொக்கி ஓடிட்டிருந்தா யார் சார் நகர முடியும்? இன்னிக்குத்தான் நின்னுருக்கு." சிக்னல்காரர் வரிசைக்குள் இருந்தபடியே குரல் கொடுத்தார், "எனக்குக் கல்லே இருக்கு சார். ரெண்டு வருசமா. தண்ணி குடின்னு டாக்டர் சொல்றாரு, குடிச்சா யார் கை காட்றது?"

எஞ்சினியர் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டார். மேலக்கா அவர் முன்னால் போய்க் கையை நீட்டினாள். அங்கே பெண்களுக்கென்று இருந்த ஒரே கழிப்பறை ஆபீசுக்குப் பின்னால் இருந்தது. கட்டடத்தைப் பார்க்க வருகிற விருந்தாளிகளுக்காகச் சுத்தமாக இருக்கட்டும் என்று பூட்டி, சாவியை அவர் பையில் வைத்திருந்தார்.

"சாவி சார்."

அவர் அந்தக் கையைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், பைக்குள் கையை விட்டார்.

எரியவில்லை. தடையில்லாமல், தெளிந்த தண்ணீர் போல வந்தது. அந்தச் சின்ன அறைக்குள் மேலக்கா தனியாகச் சிரித்தாள். இதற்கெல்லாம் ஒருத்தி சந்தோஷப்பட வேண்டியிருக்கிறதே என்று நினைத்தாள், சந்தோஷப்படவும் செய்தாள். கையைக் கழுவிக்கொண்டு, கதவைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு ஏணியை நோக்கி நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. எஞ்சினியர் வேறு பக்கம் பார்த்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தார்.

அவள் சீட்டில் உட்கார்ந்தபோது லாரி அப்போதுதான் வாசலில் திரும்பிக்கொண்டிருந்தது. கொக்கியை இறக்கினாள். வாக்கி டாக்கி கரகரத்தது, எஞ்சினியர் குரல்.

"மேலக்கா, சாவி உங்ககிட்டயா இருக்கு?"

"ஆமா சார். இனிமே என்கிட்டயே இருக்கும்."

அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. பிறகு, "அடுத்து எத்தனை மணிக்கு இறங்குவீங்க?"

மேலக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எதுக்கு சார் கேக்கறீங்க?"

"லாரிக்காரங்ககிட்ட சொல்லணும், அந்த நேரத்துக்கு வராதீங்கன்னு." அவர் குரல் தாழ்ந்தது. "இன்னொண்ணு. கீழ ஒரு வாரமா யாரும் தொடாம நின்ன தண்ணி டிரம்மு இப்பக் காலியாயிடுச்சு. வரிசையில இருந்து வந்தவன் ஒவ்வொருத்தனும் வயிறு முட்டக் குடிக்கிறான். கொஞ்சம் சீக்கிரமாவே இறங்குங்க."